பெயர் சொல்லாதவள்

முகம்மது கனியின் வேன் பாலிக் புலாவ் மலைப்பாதையின் கடைசி வளைவைத் தாண்டி இறங்கியபோது, உள்ளே சோழர் படை மொத்தமும் வாந்தியை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. வேல்கள் கூரைமேல் கட்டப்பட்டிருந்தன. வேல் என்பது தண்ணீர்க் குழாய். முனையில் தகரத்தை வெட்டிச் செருகி வெள்ளிச் சாயம் அடித்தது. கேடயங்கள் பிஸ்கட் டின் மூடிகள். ஒன்றில் இன்னும் ராணியின் படம் அழியாமல் சிரித்துக்கொண்டிருந்தது.

கடைசி வரிசையில் யோகலட்சுமி மடியில் பித்தளைச் செம்பை வைத்துக்கொண்டு கணவனை முறைத்தாள்.

"இஞ்சாருங்கோ, கல்யாணமாகி முதல் லீவு இது. லங்காவி எண்டு சொன்னீங்கள்."

"அதுவும் தீவு, இதுவும் தீவு. என்ன லா வித்தியாசம்?" என்றான் விஸ்வலிங்கம்.

அவனுக்குச் சரித்திரத்தில் ஆர்வம் கிடையாது. ஆனால் அலுவலகத்தில் அவனுடைய தலைமைக் குமாஸ்தா அப்புத்துரை. வார நாளில் கோப்புகளுக்குத் தலைவர். வருடத்தில் ஒரு வார இறுதிக்கு மட்டும், பழைய போரை நடித்துப் பார்க்கும் கூட்டத்துக்குச் சேனாதிபதி. 'தம்பி, இந்த வருஷம் நீயும் வா' என்று அவர் சொன்னால், அது அழைப்பு அல்ல, சுற்றறிக்கை. எண்பத்தேழாம் ஆண்டு பதவி உயர்வை எதிர்பார்த்திருந்த எந்தக் குமாஸ்தாவும் போருக்குப் போகத்தான் செய்வான்.

சோழர் படை கடல் தாண்டிக் கடாரத்துக்கு வந்தது சரித்திரம். பாலிக் புலாவில் இறங்கியதாக யாரும் எழுதி வைக்கவில்லை. ஆனால் இலவசமாகக் கிடைத்த தோட்டம் பாலிக் புலாவில்தான் இருந்தது. சூலியா தெருவில் மசாலாக் கடை வைத்திருந்த ஜபருல்லாவின் ஜாதிக்காய்த் தோட்டம். முன்பாதியில் காய் பறிப்பார்கள். ஓடைப் பக்கம் இருந்த பின்பாதியில் பறிப்பதில்லை. ஏன் என்று கேட்டால், ஆள் கிடைக்கவில்லை என்று ஜபருல்லா சொல்வார். வாடகை வேண்டாம் என்பவரிடம் அதற்குமேல் யாரும் கேள்வி கேட்பதில்லை.

தோட்டத்து வாசலில் படையின் சட்டங்கள் அமலுக்கு வந்தன. ஆங்கிலம் பேசக் கூடாது. செருப்பு கூடாது. கைக்கடிகாரம் கூடவே கூடாது. எல்லோரும் கழற்றி ஒரு மைலோ டின்னுக்குள் போட்டார்கள். வேட்டியும் வெறும் மார்புமாக நின்ற குமாஸ்தாக்கள் அத்தனை பேரின் இடது மணிக்கட்டிலும், கடிகாரம் இருந்த இடம் மட்டும் பல்லிவயிறுபோல வெளுத்திருந்தது.

"பாரு, சண்டைக்குப் போறதுக்கு முன்னாலேயே படைக்குக் கைவிலங்கு போட்ட மாதிரி இருக்கு," என்று லெட்சுமி அக்கா சிரித்தாள். பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் ஒரு வரிசைப் பெண்களை மேய்ப்பவள். இங்கே பெண்கள் கூடாரமும் அடுப்பும் அவள் பொறுப்பு.

"ஓகே, எல்லாரும் வரிசையா நில்லுங்க!" என்றார் சேனாதிபதி அப்புத்துரை. மூக்குக் கண்ணாடி விழாமல் இருக்க ரப்பர் வளையத்தால் கட்டியிருந்தார். 'ஓகே' சொன்ன குற்றத்துக்காக அவரே போய் ஒரு வாளி தண்ணீர் தூக்கி வந்தார். நேர்மையான மனிதர்.

யோகலட்சுமிக்குக் கூடச் சிரிப்பு வந்தது. மழை தூறி விட்டிருந்தது. ஜாதிக்காய் மரங்களுக்கு அடியில் அழுகிய பழத்தின் இனிப்பு வாடை. தலைக்குமேல் இலைகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடந்ததில், மத்தியானமே மாலைபோல இருந்தது. அந்த வாடைக்கு அடியில் வேறொரு வாடையும் இருந்தது. உப்பு. மீன் இறங்கும் துறையில் நின்றால் வருவது. கடலோ மேட்டுக்கு அந்தப் பக்கம், நெடுந்தூரம்.

"காத்துல வரும்," என்றாள் லெட்சுமி அக்கா.

காற்றே இல்லை.

செம்பு எதற்கு என்று அக்காதான் சொல்லிக் கொடுத்தாள். போரில் விழுந்தவன் விழுந்த இடத்திலேயே கிடக்க வேண்டும். தானாக எழுந்திருக்கக் கூடாது. போர் முடிந்ததும் அவனவன் வீட்டுப் பெண் மஞ்சள் நீரோடு களத்துக்குப் போய், முகத்தில் தெளித்து, பெயர் சொல்லி எழுப்ப வேண்டும். கல்யாணமாகாதவனை லெட்சுமி அக்காவே எழுப்புவாள்.

"பேரைச் சொல்லணும் தங்கச்சி. மறந்துடாதே. பேர் சொல்லித்தான் எழுப்பணும்."

"பேர் சொல்லாட்டி என்ன அக்கா?"

"நாங்களுந்தான் வீட்டுல சொல்றதில்ல. இங்க மட்டும் சொல்லிடுவோம். முன்னாடி அந்த ரூல் கிடையாது. அப்புறந்தான் வச்சோம்."

"ஏன்?"

அக்காவுக்குத் திடீரென்று அடுப்பு ஞாபகம் வந்துவிட்டது.

யோகலட்சுமி அதுவரை கணவனின் பெயரை ஒரு தடவைகூட வாயால் சொன்னதில்லை. கல்யாணப் பதிவு அலுவலகத்தில் கேட்டபோது கையெழுத்தைச் சுட்டிக் காட்டினாள். கிளினிக்கில் அடையாள அட்டையை நீட்டினாள். புருஷன் பெயரை உச்சரித்தால் அவன் ஆயுள் தேயும் என்பது அவளுடைய அம்மா ஊட்டி வளர்த்த பயம். அம்மாவும் அப்பாவை 'இஞ்சாருங்கோ' என்றுதான் கூப்பிடுவாள். அப்பா பத்திரிகைக்குப் பின்னால் இருந்துகொண்டு, காது கேளாதவர்போல அடுத்த பக்கத்தைத் திருப்புவார். அந்த வீட்டில் அந்தச் சொல் நாள் முழுக்கக் காற்றில் அலைந்துகொண்டிருக்கும், யாராலும் பெற்றுக்கொள்ளப்படாமல்.

முகத்தில் சேறும் சாம்பலும் பூசிக்கொண்டு வந்த விஸ்வலிங்கம் அவள் காதருகே குனிந்தான். "இன்னிக்கு மாட்டினே. கார்டைக் காட்டினா நான் எழுந்திருக்க மாட்டேன். பேரைச் சொன்னாத்தான்."

"நான் சொல்ல மாட்டன்."

"அப்ப செத்தேதான் கிடப்பேன்."

"சீ! வாயைக் கழுவுங்கோ."

போர் தொடங்கும்போதே வெளிச்சம் மங்கிவிட்டது. சோழர்கள் கத்தினார்கள். கடாரத்தார் வேஷம் போட்ட பாதிப்பேர் அதைவிடக் கத்தினார்கள். கடாரத்து மன்னருக்கு ஆஸ்துமா என்பதால் நடுவில் ஒரு இடைவேளை விடப்பட்டது. புதியவர்கள் முதலில் சாக வேண்டும் என்பது படையின் மரபு, அலுவலகத்திலும் அப்படித்தான். விஸ்வலிங்கம் மார்பைப் பிடித்துக்கொண்டு அழகாகத் தள்ளாடி, கல் குத்தாத இடமாகத் தேடிக்கொண்டே பின்பாதிக்குப் போய், ஓடைக்கரையில் மறைந்தான்.

சங்கு ஊதினார்கள். களம் அமைதியானது.

பெண்கள் செம்போடு இறங்கினார்கள்.

"முனுசாமி, எழுந்திரு!" "தம்புத்துரை, எழுந்திருங்க, அட்டை கடிக்குது பாருங்க!" மரங்களுக்கு நடுவே பெயர்கள் ஒலித்தன. ஒவ்வொரு பெயருக்கும் ஒரு உருவம் எழுந்து, வேட்டியைத் தட்டி, சிரித்தது. கொஞ்சம் கொஞ்சமாகச் சிரிப்புச் சத்தம் கூடாரத்துப் பக்கம் நகர்ந்துபோயிற்று.

யோகலட்சுமி ஓடைப் பக்கம் நடந்தாள்.

இங்கே இருட்டு முன்னதாகவே வந்து உட்கார்ந்திருந்தது. காலடியில் ஈர இலைகள். உப்பு வாடை இப்போது நாக்கில் தெரிந்தது. மலையில் பெய்த மழை ஓடையில் இறங்கத் தொடங்கியிருந்தது. கற்களுக்கு இடையே தண்ணீர் முணுமுணுத்தது.

வேர்களுக்கு நடுவே ஒருவர் குப்புறக் கிடந்தார். சேறு பூசிய முதுகு. அகன்ற தோள். தலைமுடி நனைந்து கழுத்தில் ஒட்டியிருந்தது.

அவள் செம்பிலிருந்து நீரைத் தெளித்தாள். பெயர் தொண்டைவரை வந்தது. அம்மாவின் முகமும் கூடவே வந்தது. சுற்றிலும் பார்த்தாள். யாரும் இல்லை. யாருக்குத் தெரியப்போகிறது?

"இஞ்சாருங்கோ," என்றாள் மெல்ல. "எழும்புங்கோ."

அவர் உடனே எழவில்லை.

முதலில் விரல்கள் அசைந்தன. பிறகு தோள். வெகுநாள் மடித்து வைத்த பாயை விரிப்பதுபோல, உடம்பு ஒவ்வொரு மடிப்பாக நிமிர்ந்தது.

"போதும் நடிச்சது. வாருங்கோ, பசிக்குது," என்று சொல்லித் திரும்பி நடந்தாள். பின்னால் ஈரக் காலடிகள் தொடர்ந்தன.

அவர் ஒன்றும் பேசவில்லை. பெயர் சொல்லாததில் கோபம் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

தீ மூட்டி, வாழையிலை போட்டிருந்தார்கள். எல்லா முகங்களிலும் சேறு காய்ந்து வெடித்திருந்தது. யார் எவர் என்று குரலை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. அவர் இலைமுன் உட்கார்ந்தார். உட்கார்ந்த இடத்தைச் சுற்றி மண் நனைந்தது. சோற்றைத் தொடவில்லை. தீயையும் பார்க்கவில்லை. அவளையே பார்த்தார்.

"பாருங்கப்பா," என்றார் அப்புத்துரை எல்லோருக்கும் கேட்கும்படி. "வேஷத்தை விட்டு இறங்கவே மாட்டேங்கிறான். இதுதான் ஈடுபாடு. மத்தவனெல்லாம் சம்பல் எங்கன்னு கேக்கிறான்."

பாராட்டுக்குக்கூட அவர் திரும்பவில்லை. விஸ்வலிங்கம் மேலதிகாரி தும்மினாலே எழுந்து நிற்பவன்.

யோகலட்சுமி சோற்றுக் கரண்டியை எடுத்துக்கொண்டு அவரிடம் போனாள். பரிமாறும் சாக்கில் அருகே குனிந்தாள்.

"இஞ்சாருங்கோ, உடம்புக்கு முடியேல்லையோ?"

அந்தச் சொல்லைக் கேட்டதும் அவர் முகம் மலர்ந்தது. வெகுதூரத்திலிருந்து ஊருக்கு வந்து சேர்ந்தவரின் முகம்போல. இடது கையை மெல்ல உயர்த்தி அவளை நோக்கி நீட்டினார். தீ வெளிச்சம் மணிக்கட்டில் விழுந்தது.

வெள்ளைக் கோடு இல்லை.

தோள் முதல் விரல்வரை ஒரே நிறம். கடிகாரம் என்ற ஒன்றை ஒருநாளும் கட்டியிராத கை.

சோற்றுக் கரண்டி அவள் கையிலிருந்து நழுவியது.  லெட்சுமி அக்காவின் கையைப் பிடித்துக் கூடாரத்துக்குப் பின்னால் இழுத்துப் போனாள்.

"அக்கா, அது அவர் இல்ல."

"எது யாரு இல்ல?"

"நான் எழுப்பிக்கொண்டு வந்தது."

அக்கா டார்ச்சைக் கையில் எடுத்தாள். முகத்தில் இருந்த சிரிப்பெல்லாம் வடிந்துவிட்டது. "பேரைச் சொன்னியா, இல்லையா?"

யோகலட்சுமி தலையை ஆட்டினாள். இல்லை.

"ஐயோ, தங்கச்சி."

இருவரும் ஓடினார்கள். ஓடிக்கொண்டே அக்கா மூச்சிரைக்கச் சொன்னாள். "முதல் வருஷம் ஒருத்தி 'மச்சான்'னு கூப்பிட்டா. ரெண்டு பேர் எழுந்தாங்க. ஒருத்தன் நம்ம ஆளு. இன்னொருத்தன் நம்ம கூடவே உக்காந்தான். யாரோ பக்கத்து ஊர்க்காரன்னு சிரிச்சுட்டு விட்டுட்டோம். பாட்டுப் பாடும்போது பாத்தா, ஆளு இல்ல."

"அந்த அக்காட புருஷன்?"

"அடுத்த வருஷம் வரல."

"ஏன்?"

"ஓடு லா. பேசாதே."

ஓடை பெருகியிருந்தது. டார்ச் வெளிச்சத்தில் காபி நிறத் தண்ணீர் வேர்களை மூடி ஓடியது. அவள் முன்பு நின்ற அதே இடத்துக்குப் பக்கத்தில், ஒரு கை தூரத்தில், இருட்டில் அவள் கவனிக்காத வேர்மறைவில், இன்னொருவன் மல்லாந்து கிடந்தான். தண்ணீர் காதுகளை மூடி, வாயின் ஓரத்தை நக்கிக்கொண்டிருந்தது. கண்கள் திறந்திருந்தன. இடது மணிக்கட்டில் வெளுத்த பட்டை, தண்ணீருக்கு அடியிலும் பளிச்சென்று தெரிந்தது.

அவள் பாய்ந்து அவன் தலையைத் தூக்கினாள். தலை எழவில்லை. கல்லைத் தூக்குவதுபோல இருந்தது. இருவருமாக இழுத்தார்கள். உடம்பு தரையோடு தரையாக ஒட்டிக் கிடந்தது. கண்கள் மட்டும் அவளைப் பார்த்து உருண்டன.

உயிர் இருக்கிறது. அசைய முடியவில்லை.

"விஸ்வலிங்கம்! எழுந்திரு தம்பி! விஸ்வலிங்கம்!" என்று அக்கா கத்தினாள்.

ஒன்றும் நடக்கவில்லை. தண்ணீர் உதட்டைத் தொட்டது.

"நான் கூப்பிட்டா ஆவாது. அவனுக்குன்னு வந்தவ நீ. நீ சொல்லு."

யோகலட்சுமி வாயைத் திறந்தாள். பெயரின் முதல் எழுத்து தொண்டையில் முள்ளாக நின்றது. சொன்னால் ஆயுள் தேயும். சொல்லாவிட்டால் இங்கேயே, இந்தச் சேற்றுத் தண்ணீரில், இப்போதே முடிந்துவிடும்.

பின்னால் இலைகள் நசுங்கின.

ஈரக் காலடி. அவசரமில்லாத காலடி.

உப்பு வாடை மூச்சை அடைத்தது.

"திரும்பாதே," என்று அக்கா கிசுகிசுத்தாள்.  "திரும்பாம சொல்லு."

காலடி அவளுக்குப் பின்னால் வந்து நின்றது. கழுத்தில் சொட்டு ஒன்று விழுந்தது. பனிக்கட்டிபோல. அந்த நொடியில் அவளுக்கு ஒன்று புரிந்தது. புரிந்ததுதான் பயத்தைவிடப் பெரிதாக வலித்தது. அந்தக் காலத்துப் பெண் மட்டும் புருஷன் பெயரைச் சொல்லியிருப்பாளா? கடல் தாண்டி வந்து விழுந்தவனுக்குத் தெரிந்ததெல்லாம், தன் வீட்டு வாசலில் ஒருத்தி பெயரில்லாமல் கூப்பிடும் குரல் மட்டுந்தான். யாராவது அப்படிக் கூப்பிடுவார்களா என்றுதான் இத்தனை காலமும் கிடந்திருக்கிறான்.

கணவனின் மூக்கருகே தண்ணீர் குமிழ் விட்டது.

"விஸ்வலிங்கம்!"

அவள் குரல் அவளுக்கே அந்நியமாக இருந்தது.

"விஸ்வலிங்கம்! விஸ்வலிங்கம், எழும்புங்கோ!"

அவன் உடம்பு வில்லாக வளைந்து எழுந்தது. வாயிலிருந்து சேறும் தண்ணீரும் கொட்டியது. இருமினான், அலறினான், அவளைக் கட்டிக்கொண்டான்.

பின்னால் ஒரு பெருமூச்சு. அதற்குப் பிறகு எதுவும் இல்லை. திரும்பியபோது மரங்கள் மட்டும் நின்றன. ஆனால் விலகிப் போன காலடிச் சத்தத்தை இருவருமே கேட்கவில்லை.

தீயருகே அந்த இலை அப்படியே இருந்தது. தொடப்படாத சோற்றின்மேல் தண்ணீர் தேங்கியிருந்தது. லெட்சுமி அக்கா விரலால் தொட்டு நாக்கில் வைத்தாள். உடனே துப்பினாள்.

விஸ்வலிங்கம் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு பேசினான்.

"எல்லாம் கேட்டுச்சு, யோகம். பக்கத்துல ஒருத்தன் படுத்திருந்தான். நம்ம ஆளுன்னு நெனச்சேன். நீ வந்தே. இஞ்சாருங்கோன்னு கூப்பிட்டே. நான் எழுந்திருக்கப் பாத்தேன். அவன் என் நெஞ்சுல கையை ஊன்றி எழுந்தான்." மார்பைத் தடவிக்கொண்டான். "உன்கூட நடந்து போனான். நான் பாத்துக்கிட்டே கிடந்தேன்."

அவன் மார்பில் ஐந்து விரல்களின் கறுத்த அச்சு இருந்தது. பின்னர் எந்தத் தைலத்துக்கும் அது போகவில்லை.

மறுநாள் விடிந்ததும் படை கலைந்தது. திங்கட்கிழமை வரும் என்ற ஒரே உறுதியோடு எல்லோரும் கடிகாரத்தைக் கட்டிக்கொண்டார்கள். எல்லோரும் ஏறிய பிறகும் முகம்மது கனி வேனின் பின்கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"என்னாண்ணே, போலாம்லா," என்றார் அப்புத்துரை.

"கடைசி ஆளு ஏறட்டும்," என்றார் கனி. ஒரு கணம் பொறுத்துக் கதவைச் சாத்தினார். "சரி. ஏறியாச்சு."

யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

ஆயர் ஈத்தாம் அடுக்குமாடி வீட்டுக்குத் திரும்பியபின் யோகலட்சுமி கணவனைப் பெயர் சொல்லியே கூப்பிட்டாள். பாசாரில், பஸ்ஸில், கோயிலில். விஸ்வலிங்கம், தேத்தண்ணி. விஸ்வலிங்கம், கதவு. பக்கத்து வீட்டு ஜெயலெட்சுமி, 'இந்தக் காலத்துப் பொண்ணுங்க' என்று முகவாயைத் தோளில் இடித்துக்கொண்டாள். ஆயுள் தேய்கிறதோ என்று ஒவ்வொரு முறையும் அவளுக்கு நெஞ்சு இடிக்கும். ஆனாலும் அந்த மற்றச் சொல்லை அவள் நாக்கு தொடவில்லை.

அந்த மாதக் கடைசியில், ஒரு ஞாயிறு மத்தியானம், அம்மாவும் அப்பாவும் சாப்பிட வந்தார்கள். வாசலிலேயே அம்மாவிடம் சொல்லிவிட்டாள்.

"அம்மா, இந்த வீட்டுக்குள்ள அப்பாவை இஞ்சாருங்கோ எண்டு கூப்பிடாதேங்கோ."

"பின்ன என்னெண்டு கூப்பிடுறது? உன்னை மாதிரிப் பேர் சொல்லியோ?" அம்மா விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டே சமையலறைக்குள் போனாள்.

கூடத்தில் வெயில் அடித்தது. அப்பா பத்திரிகைக்குப் பின்னால் இருந்தார். விஸ்வலிங்கம் பக்கத்து நாற்காலியில் ரேடியோவைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தான். யோகலட்சுமி தட்டுகளைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"இஞ்சாருங்கோ!" சமையலறையிலிருந்து அம்மாவின் குரல். "பின்பக்கம் தேங்காய் இருக்கு, எடுத்துக்கொண்டு வாருங்கோ!"

தட்டு கையில் நின்றது.

அப்பா அசையவில்லை. விஸ்வலிங்கம் தலையைத் தூக்கி அவளைப் பார்த்தான்.

பின்பக்கத்தில், துணி காயும் இடத்தில், ஏதோ மடிப்பு மடிப்பாக நிமிர்ந்தது. சிமெண்டுத் தரையில் ஈரக் காலடி. ஒன்று. இன்னொன்று. ஜாதிக்காயின் இனிப்பும் அதன் அடியில் உப்பும் கூடத்துக்குள் மெல்ல வந்து சேர்ந்தன.

தேங்காய் பலகைமேல் வைக்கப்படும் சத்தம்.

"அட, கை ஏன் இப்பிடிக் குளிருது?" என்றாள் அம்மா, அடுப்பிலிருந்து திரும்பாமலே. அவள் குரலில் இதுவரை யோகலட்சுமி கேட்டிராத ஒரு பூரிப்பு. "அதிசயந்தான். கல்யாணம் கட்டினதிலயிருந்து இண்டைக்குத்தான் முதல் கூப்பாட்டுக்கே வந்திருக்கிறீங்கள்."

கூடத்தில் அப்பா அடுத்த பக்கத்தைத் திருப்பினார்.

"போகாதேங்கோ," என்றாள் அம்மா. "அப்பிடியே நில்லுங்கோ. இன்னும் ஒரு வேலை இருக்கு."